முன்னறிவியா வருகை

தம்மைத் தாமே பேணிக்கொள்ளமாட்டாத முதியோரை ஏற்றுப் பாதுகாக்கும் இல்லங்களைச் சோதிக்க வரும் அதிகாரி, தாம் வரும் நாளை முன்னரே தெரிவிப்பாராயின், அவர் காண்பது அன்று காலை விரித்த புதுப் படுக்கை விரிப்பையே. விடுதியில் வாழும் யாம் இதனை நன்கறிவோம். வார்டன் வரும் நாளில் எம் அறைகள் பெறும் பொலிவே பொலிவு!

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1987-ஆம் ஆண்டு எழுந்த சட்டம் இதனை உணர்ந்தே செய்யப்பட்டது. அரசினரின் மருத்துவ உதவிப் பணம் பெறும் இல்லம் ஒவ்வொன்றும் 15 மாதங்களுக்குள் ஒருமுறையேனும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கப்படல் வேண்டும். சோதனை நாளை முன்கூட்டி உரைப்பவர்க்கு 2,000 டாலர் வரை தண்டம் என்றும் அது விதித்தது. அங்கு வாழ்வோரையே வினவி அறிதலும் சோதனையின் ஒரு கூறு. ஏடுகளைப் புரட்டுவதினும் இதுவே சிறந்ததென்பது எம் கருத்து. புரட்டிப் படுக்கவைப்பாரின்றி முதுகு புண்பட்ட மூதாட்டிக்கும் ஏட்டில் ‘நலம்’ என்றெழுதல் எளிதன்றோ?

2008 முதல் இவ்வில்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. முதற் சில ஆண்டுகளில், பணியாளர் எத்துணையர் என்பதை இல்லத்தாரே எழுதித் தந்தனர். தன் விடைத்தாளைத் தானே திருத்திய மாணவன் எங்கேனும் தோற்றதுண்டோ? பின்னர்ச் சம்பளப் பதிவுகளைக் கொண்டு கணக்கிடத் தொடங்கியது நன்றேயாம்.

ஆயினும் எமக்கு ஒரு குறை. சோதனைகளுள் பத்தில் ஒன்றேனும் மாலையிலோ விடியற்காலையிலோ வார இறுதியிலோ தொடங்குதல் வேண்டும் என்பதே அங்குள்ள விதி. பத்தில் ஒன்று போதுமோ? மணியடித்தும் எவரும் வாராது முதியோர் விழித்துக் கிடப்பது இரவிலன்றோ? பத்தில் மூன்றேனும் அந்நேரங்களில் நிகழ்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.