வயிற்றுப்போக்கை மாத்திரை போட்டு அடைக்கலாமா?

2018 அக்டோபரில், பினாங்கை அடுத்துள்ள கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் லக்சா சாப்பிட்ட பலர் நச்சுணவால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் இருவர் உயிரிழந்தனர். காரணம் சால்மோனெல்லா கிருமி.

அங்காடி உணவுக்குப் பேர்போன ஜார்ஜ்டவுன்வாசிகளும், ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் குறையும் தோட்டத் தொழிலாளர்களும் வயிற்றுப்போக்கு வந்ததும் செய்வது என்ன? பேதியை நிறுத்தும் மாத்திரையை வாங்கிப் போடுவது; இல்லையேல் வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாட்டிக்கை விழுங்குவது. இரண்டுமே சில வேளைகளில் கிருமிக்குத் துணைபோகும் என்பதை ஆய்வுக்கூட விலங்குகள் காட்டியுள்ளன.

1958-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பட்டினி போட்ட கினிப் பன்றிகளுக்கு ஷிகெல்லா கிருமியைப் புகட்டி, குடலின் அசைவை முடக்கும் அபினையும் கொடுத்தனர். சாதாரணமாக அந்தக் கிருமியைத் தாங்கிக்கொள்ளும் அவை மடிந்தன. பேதி என்பது கிருமியை வெளியேற்ற உடல் செய்யும் வேலை. வாசலை அடைத்தால் கிருமி உள்ளேயே தங்கிப் பெருகும்.

சுண்டெலிகளுக்கு முதலில் ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தபோது, மிகச் சில சால்மோனெல்லா கிருமிகளே நோய் உண்டாக்கப் போதுமாயின. குடலைக் காக்கும் நல்ல கிருமிகளை மருந்து அழித்துவிட்டதே காரணம். 2000-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலை கிருமி தொற்றிய சுண்டெலிகளுக்கு சிப்ரோஃப்ளோக்சசின் கொடுத்ததும் நச்சு கூடியது, எலிகள் இறந்தன.

எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேரும் என்பதில்லை. ஆனால், பாகிஸ்தானில் லோபெராமைட் சொட்டு மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள் குடல் செயலிழந்து இறந்ததையடுத்து, 1990-இல் அந்தச் சொட்டு மருந்து விற்பனையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

ஆண்டிபயாட்டிக்கே கூடாது என்பதல்ல பொருள். எந்தக் கிருமிக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் கொடுத்ததை இடையில் நிறுத்தவும் கூடாது.

முதல் மருந்து நீர்தான். கிளினிக்கில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கலந்து குடியுங்கள். அது இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரையுங்கள்.

மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், நோயாளி கைக்குழந்தையோ முதியவரோ என்றாலும், உடனே அரசாங்க கிளினிக்குக்குச் செல்லுங்கள். ஒருநாள் சம்பளத்தை அடுத்த மாதம் ஈடுகட்டலாம், உயிரை முடியாது.