ஜாக் டேனியலின் வாத்தியார்

முதலிலேயே ஒரு டிஸ்கி: நான் பெரிய 'குடிமகன்' எல்லாம் கிடையாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை, அதுவும் ஓசியில் கிடைத்தால் :-) அதனால எந்த விஸ்கி நல்ல விஸ்கின்னு பின்னூட்டத்தில் கேட்காதீங்க.

நாஷ்வில்லில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போன இடத்தில் "லிஞ்ச்பர்க் போலாம்டா, ஒன்றரை மணி நேரம்தான்" என்று கிளப்பிவிட்டான். ஜாக் டேனியல்ஸ் காய்ச்சுகிற ஊர். ஊர் என்று சொல்வதே அதிகம், கோர்ட்டைச் சுற்றி ஒரு சதுக்கம், நாலு கடை, அவ்வளவுதான். 1909ல் டென்னஸி மாநிலம் மதுவிலக்கு கொண்டு வந்து, அடுத்த வருஷமே இங்கே காய்ச்சுவது நின்றுபோனது. 1933ல் நாடு முழுக்கத் தடை நீங்கிய பிறகும் 1938ல்தான் மறுபடி அடுப்பு பற்ற வைத்தார்கள்.

டூரில் எனக்கு ரொம்பப் பிடித்தது கரி. மேப்பிள் கட்டைகளை அடுக்கி, அதன் மேல் சாராயத்தையே தெளித்துக் கொளுத்துகிறார்கள். அந்தக் கரியைப் பொடித்துப் பத்தடி ஆழத்துக்குத் தொட்டியில் நிரப்பி, காய்ச்சி எடுத்த தெளிந்த சாராயத்தை அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க விடுகிறார்கள். அதுக்கே பல நாள் ஆகுமாம். கைடு ஒரு தொட்டியின் மூடியைத் தூக்கி "மோந்து பாருங்க" என்றார். மூக்கு வழியாக நேரே மண்டைக்குள் போனது. பிறகுதான் உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய்க்குப் போய் வருஷக்கணக்கில் தூங்குகிறது. நிறம் முழுக்க அந்தப் பீப்பாய் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் முந்தைய காய்ச்சலில் மிஞ்சிய புளித்த கஞ்சியில் கொஞ்சத்தை அடுத்த மாவில் சேர்க்கிறார்கள். உறைமோர் ஞாபகம் வந்தது. (ஆனா காய்ச்சிய பிறகு மிஞ்சுவதால் அதில் உயிருள்ள ஈஸ்ட் இருக்காது, புளிப்புக்காக மட்டும்தான்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வேலையை ஜாக் டேனியலுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

ரொம்ப காலம் சொல்லப்பட்ட கதை இது: சின்னப் பையன் ஜாக், டான் கால் என்ற பாதிரியாரின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான், அவரிடம் தொழில் கற்றான். உண்மையில் அந்தப் பண்ணையில் காய்ச்சுவதைக் கவனித்தவர் நேதன் கிரீன் என்ற கறுப்பின அடிமை. எல்லோரும் அவரை 'நியரஸ்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாக்குக்கு வாத்தியார் அவர்தான். அடிமை முறை ஒழிந்த பிறகு ஜாக் தொடங்கிய டிஸ்டில்லரியில் முதல் தலைமைக் காய்ச்சுநரும் அவர்தான். 2016ல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை வந்த பிறகுதான் உலகத்துக்கு இது தெரிந்தது. 2017ல் நிறுவனமே அதிகாரபூர்வமாக அங்கீகரித்தது. அதே வருஷம் ஃபான் வீவர் என்ற எழுத்தாளர் தோண்டித் துருவி ஆராய்ச்சி செய்து, 'அங்கிள் நியரஸ்ட்' என்ற பெயரிலேயே ஒரு விஸ்கியும் கொண்டு வந்தார்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. 1967ல் வந்த ஜாக் டேனியல் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்திலேயே நியரஸ்ட்டும் அவர் பிள்ளைகளும் பெயரோடு பல இடங்களில் வருகிறார்கள். ஆக, இது தொலைந்து போன பெயர் இல்லை, அச்சில் இருந்த பெயர். ஐம்பது வருஷமாக யாரும் சத்தமாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

காரில் இதைச் சொன்னப்போ நண்பன் கேட்டான், "அதான் இப்ப சொல்லிட்டாங்களே மச்சான், இன்னும் என்ன வேணும் உனக்கு?"

நியாயமான கேள்விதான். ஜாக் அடிமை யாரையும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. நியரஸ்ட்டின் பிள்ளைகளும் அங்கே வேலை பார்த்தார்கள். ஜாக் தன் ஆட்களோடு எடுத்துக்கொண்ட பழைய புகைப்படம் ஒன்றில் அவர் பக்கத்திலேயே ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்திருக்கிறார். நியரஸ்ட்டின் மகன் ஜார்ஜ் என்று கருதுகிறார்கள். அந்தக் காலத்துத் தெற்கில் இது சாதாரணம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது இதை எழுதுகிறவர்கள் பலர் 'அழகான நட்புக் கதை' என்று முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. கற்றுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாத ஒருத்தர் கற்றுக்கொடுத்ததுக்கு வெறும் நட்பு என்று பெயர் வைக்கலாமா? பின்னால் நட்பு வந்திருக்கலாம். தொடக்கத்தில் அந்த மனிதர் இன்னொருவரின் சொத்துப் பட்டியலில் இருந்தார். ரெண்டையும் சேர்த்தே சொல்லணும்.

நான் மாசக்கணக்கில் எழுதின மாட்யூலை வேறொருத்தர் தன் பெயரில் கிளையண்ட்டிடம் காட்டியதை உதாரணமாகச் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் வெட்கமாக இருந்தது. எனக்குச் சம்பளம் வந்தது, பிடிக்கலைன்னா பேப்பர் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

நியரஸ்ட்டின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஜாக்குக்கோ டிஸ்டில்லரியில் ஊற்று பக்கத்தில் சிலையே இருக்கிறது. அவர் கோபத்தில் எட்டி உதைத்ததாகச் சொல்லப்படும் இரும்புப் பெட்டிக்குக்கூட அங்கே ஒரு கதை இருக்கிறது.

ருசி பார்த்ததைப் பற்றிச் சொல்லவே இல்லையே? சின்னச் சின்னக் கிளாஸில் கொடுத்தார்கள். எனக்கு எல்லாமே தொண்டையில் ஒரே மாதிரிதான் எரிந்தது. நண்பன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வெனிலா, கேரமல் என்று என்னென்னவோ சொன்னான். திரும்பும்போது அவன் வாங்கின பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தேன். ஜாக் பெயர் இருக்கிறது, ஊர் பெயர் இருக்கிறது, ஏழாம் நம்பர் இருக்கிறது. இன்னொரு வரிக்கு இடமும் இருக்கிறது.