பழுது எங்கே என்று முதலில் கேட்போம்

“அக்கா, இந்த அடாப்டரும் செத்துப்போச்சு. வேற வாங்கலாமா?”

கடந்த பருவ விடுமுறையில், நான் படித்த இடைநிலைப்பள்ளியின் கணினிக் கழகத்திற்கு உதவச் சென்றபோது படிவம் நான்கு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. பள்ளித் தோட்டத்தின் வெப்பநிலையைப் பதிவு செய்ய அங்கே ஒரு ராஸ்பெரி பை இருந்தது. உள்ளங்கை அளவு கணினி. 2012இல் வெளிவந்த முதல் வகை. அதில் வைஃபை கிடையாது. 2016இல் வந்த மூன்றாம் தலைமுறையில்தான் வைஃபை உள்ளேயே அமைந்தது. அதனால் யூஎஸ்பியில் ஓர் அடாப்டரைச் செருகித்தான் இணைக்க வேண்டும்.

பழைய அடாப்டர் உடைந்துபோனதும் மாணவர்கள் அதே மாடல் எண் கொண்ட புதியதை வாங்கினார்கள். அது வேலை செய்யவில்லை. காணொளிகளில் கண்ட கட்டளைகளையெல்லாம் தட்டிப் பார்த்தார்கள். பிறகு அதே மாடலில் இன்னொன்றை வாங்கினார்கள். அதுவும் வேலை செய்யவில்லை. கணினியையே சாமான் அறைக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் எழுந்துவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கருவி இயங்காவிட்டால் உடனே தீர்வைத் தேடுகிறோம். பழுது எங்கே என்று கேட்பதில்லை. இதுதான் நம் கற்றலில் உள்ள பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

வைஃபை அடாப்டர் இயங்காதபோது வரிசையாக நான்கு கேள்விகள் கேட்கலாம்.

முதலில், மின்சாரம் போதுமா? அந்தப் பழைய வகைக்கு 5 வோல்ட்டில் குறைந்தது 700 மில்லியாம்பியர் தேவை. அடாப்டரைச் செருகினால் தேவை இன்னும் கூடும். பழைய கைப்பேசி சார்ஜரில் ஓட்டினால் இணைப்பு வந்து வந்து போகும்.

இரண்டாவது, கணினிக்கு அடாப்டர் தெரிகிறதா? ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்ற கட்டளை, செருகியிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் எட்டு இலக்க அடையாளம் ஒன்றைக் காட்டும். முதல் நான்கு தயாரிப்பாளரையும் அடுத்த நான்கு பொருளையும் குறிக்கும்.

மூன்றாவது, அந்தச் சில்லை இயக்கத் தெரிந்த இயக்கி மென்பொருள் இயங்குதளத்தில் இருக்கிறதா?

நான்காவது, ரவுட்டரும் அடாப்டரும் ஒத்துப்போகின்றனவா? மலிவான அடாப்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் அவற்றுக்கு எதுவும் தெரியாது. 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையும் அதற்கு முந்தைய இயங்குதளங்களுக்குப் புரியாது.

எங்கள் விடை மூன்றாவது கேள்வியில் கிடைத்தது. அடாப்டர் கணினிக்குத் தெரிந்தது. ஆனால் அதன் அடையாள எண், உடைந்துபோன அடாப்டரின் எண்ணிலிருந்து வேறுபட்டிருந்தது. பெட்டியில் மாடல் பெயர் ஒன்றுதான். உள்ளே இருந்த சில்லு வேறு. 2013ஆம் ஆண்டு இயங்குதளத்தில் அந்தச் சில்லுக்கு இயக்கி இல்லை. அடாப்டர் சாகவில்லை, அதன் மொழி தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான். அதே மாடலில் பத்து வாங்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

“பழசைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தில் திறந்துவைப்பது ஆபத்து. அதனால் நாங்களும் பழையதை அப்படியே விடவில்லை. தரவுகளைப் பிரதி எடுத்து, வேறொரு நினைவக அட்டையில் புதிய இயங்குதளத்தை ஏற்றினோம். அந்த முதல் வகைக் கணினிக்கு அது இன்றும் கிடைக்கிறது. அடாப்டர் உடனே இயங்கியது. ஆனால் காரணம் தெரிந்து மாற்றுவது வேறு, தெரியாமல் மாற்றுவது வேறு.

பள்ளிக் கழகங்களுக்கு என் வேண்டுகோள் எளிமையானது. பழைய கருவிகள் நிறைந்த பெட்டி ஒன்றை மாணவர்களிடம் கொடுங்கள். புதிய பொருள் கேட்டு வருபவர் எதைச் சோதித்தார், என்ன கண்டார் என்று அரைப் பக்கம் எழுதித் தரட்டும். அந்த அரைப் பக்கத்தை எழுதும்போதே பல பழுதுகள் பிடிபட்டுவிடும்.

அந்த இரண்டு அடாப்டர்களும் இப்போது கழகத்தில்தான் இருக்கின்றன. ஒன்று வேலை செய்கிறது. மற்றொன்று, அடுத்த முறை உண்மையிலேயே பழுதானால் மாற்றுவதற்கு.