ஜாபிதா போதாது

சர்க்காரின் வரவு செலவுத் திட்டம் வெறும் கணக்கன்று. நாட்டின் பணம் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றிய தீர்ப்பாகும் அது. அந்தத் தீர்ப்பில், ஜனத்தொகையில் ஏறக்குறைய சரிபாதியாகிய ஸ்திரீகளின் பங்கு என்ன என்று கேட்பது சலுகை கோருவதாகாது. வரி கொடுக்கும் பிரஜைகள் கணக்குக் கேட்கும் சாதாரண உரிமையே அது.

இக்கேள்வியை முதன்முதலில் சர்க்கார் முறையாக எடுத்துக்கொண்ட தேசம் ஆஸ்திரேலியா, அது 1984-ல். நமது மத்திய பட்ஜெட்டுடன் 2005-06 முதல் ஸ்திரீகளுக்கான ஒதுக்கீட்டைக் காட்டும் தனி அறிக்கை ஒன்று வெளியாகி வருகிறது. முழுத்தொகையும் பெண்களுக்கே செல்லும் திட்டங்கள் அதன் முதற்பகுதியிலும், நூற்றுக்கு 30-க்குக் குறையாமல் செல்பவை இரண்டாம் பகுதியிலும் இடம்பெறுகின்றன. அதற்கும் குறைந்தவற்றுக்காக 2024-25-ல் மூன்றாம் பகுதி சேர்க்கப்பட்டது. 2025-26-ல் மூன்றின் மொத்தம் சுமார் 4.49 லட்சம் கோடி ரூபாய். மத்திய பட்ஜெட்டில் நூற்றுக்கு ஒன்பதை நெருங்கும் தொகை.

தொகை பெரிதுதான். ஆனால் அது உண்டாகும் விதம் எத்தகையது? பெரும்பாலும் பணம் முதலில் பங்கிடப்பட்டு விடுகிறது. அதில் பெண்களின் பகுதி எது என்று இலாகாக்கள் பிறகு தேடிக் குறிக்கின்றன. கிராமப்புற வீட்டு வசதித் திட்டம் பல ஆண்டுகள் முதற்பகுதியில் முழுத்தொகையுடன் காட்டப்பட்டது. வீடோ, கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படக் கூடியது. குடும்பம் முழுவதும் குடியிருப்பது. வீடு வேண்டாம் என்பார் எவருமில்லை. ஆனால் அதன் விலை முழுவதையும் பெண்களின் பற்றில் எழுதிவிடுவதால் அவர்களுக்குப் புதிதாக ஒரு காசும் சேர்ந்துவிடாது.

காலப் பயன்பாடு பற்றிய 2024-ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்கெடுப்பைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். குடிநீர்க் குழாயும் குழந்தைக் காப்பகமும் சமையல் எரிவாயுவும் இந்தச் சுமையில் எவ்வளவைக் குறைத்தன என்பதல்லவா பட்ஜெட்டை அளக்க வேண்டிய கோல்? ஜாபிதாவில் அதற்கு விடை இல்லை.

ஸ்தாபனங்கள் தனித்தனியே நிற்பதே இக்குறைக்குக் காரணம். ஒவ்வோர் இலாகாவிலும் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்கும் விதத்தை 2007-ல் நிதி மந்திரி இலாகா வகுத்தது. வழிகாட்டும் பொறுப்பு பெண்கள் நல இலாகாவினுடையது. அந்த இலாகாவுக்கு யோசனை சொல்ல வாயுண்டு. பணப்பெட்டியின் சாவி நிதி இலாகாவிடம் இருக்கிறது. புள்ளி விவரம் வேறோர் இலாகாவில் சேருகிறது. ஆடிட்டர் ஜெனரலோ பணம் செலவான பின்னரே வருகிறார்.

ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா 2015-ல் இயற்றிய பொது நிதிச் சட்டம் இவர்களை ஒரே முடிச்சில் கட்ட முயன்றது. பட்ஜெட்டு ஸ்திரீ புருஷ சமத்துவத்துக்கு ஏற்றதாயிருக்கிறது என்று, சம வாய்ப்புக் கமிஷனைக் கலந்து அளிக்கப்படும் சான்றிதழை நிதி மந்திரி பார்லிமெண்டின் முன் வைக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். சட்டம் இயற்றியதால் அங்கே குறைகளெல்லாம் தீர்ந்துவிட்டன என்று நாம் கூறவில்லை. ஆனால் கேள்வி பணம் பங்கிடுவதற்கு முன்னரே எழுகிறது. பதில் சொல்ல வேண்டியவர் பணப்பெட்டியை உடையவர். நாம் கற்க வேண்டியது இதுவே.

ஆகவே, பெண்களுக்கு என்ன பயன் என்று காட்டாத கோரிக்கையை நிதி இலாகா திருப்பியனுப்ப வேண்டும். புள்ளி விவர இலாகா ஆண் பெண் கணக்கைப் பிரித்துத் தர வேண்டும். சொன்ன பயன் கிடைத்ததா என்று ஆடிட்டர் ஜெனரல் சோதிக்க வேண்டும். அந்த அறிக்கையின்மீது பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் விவாதம் நடைபெற வேண்டும். பெண்கள் நல இலாகாவின் யோசனைக்கு அப்பொழுதுதான் வலிமை பிறக்கும்.

தேச ஊழியர்களுக்கும் இதில் கடமை உண்டு. கிராம சபையில் குழாய்க்கும் காப்பகத்திற்கும் ஒதுக்கிய பணம் எங்கே என்று பெண்கள் எழுந்து கேட்கும்பொழுது, அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பதே அது. கீழே கேட்பார் இல்லையேல் மேலே எத்தனை இலாகாக்கள் கூடினாலும் மிஞ்சப்போவது மற்றுமொரு ஜாபிதாதான்.