அனுமதிச் சீட்டுள்ள ராபின்சன்கள்

முட்டையின் மேல் வாசலின் தடவி வைக்க வேண்டும். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். முட்டைக்கோஸைச் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். டப்பா உணவுகளின் மேலிருக்கும் காகிதத்தைக் கிழித்துவிட்டு, உள்ளே இருப்பது என்னவென்று பெயின்டால் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் காகிதம் ஊறிப் பிரிந்து, பட்டாணி என்று நினைத்துத் திறந்தால் பீச் பழம் வரும். அட்டைப் பெட்டி மட்டும் படகில் ஏறவே கூடாது. அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்திருக்கும்.

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றுபவர்களின் குடும்ப ரகசியங்கள் இவை. படகு பெரும்பாலும் 30 முதல் 40 அடி நீளம். ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, சில நூறு லிட்டர் குடிநீர், வரைபடங்கள் விரிக்க ஒரு மேஜை. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கணவன், மனைவி. ஊரில் வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ கிளம்பிய ஐரோப்பியர்கள், அமெரிக்கர்கள், ஆஸ்திரேலியர்கள், தென்னாப்பிரிக்கர்கள். காற்று இலவசம், மீன் இலவசம், நங்கூரம் போடக் காசில்லை என்பது இந்த வாழ்க்கையின் கவர்ச்சி.

இந்து மகாசமுத்திரத்தில் இவர்கள் ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில் சிபாரிசு செய்த இடம் ஒன்று உண்டு. கன்னியாகுமரியிலிருந்து தெற்கே, சற்று மேற்காக, சுமார் 1,600 கி.மீ. தொலைவில் இருக்கும் சாகோஸ் தீவுக் கூட்டம். மாலத்தீவின் தென்கோடியில் உள்ள கான் தீவில் கடைசியாக அரிசி, மாவு, டீசல் நிரப்பிக்கொண்டு கிளம்பினால், காற்று ஒத்துழைத்தால், மூன்று நாளில் சாலமன் பவள வளையம். பதினோரு குட்டித் தீவுகள் மோதிரம் போலச் சுற்றி நிற்க, நடுவே அலையடங்கிய உள்கடல். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பெரும்புயல்கள் இங்கே அபூர்வம். தெற்கே மொரீஷியஸைப் புயல் புரட்டியெடுக்கும் மாதங்களில் படகுகள் இங்கே பத்திரமாகக் காத்திருக்கலாம்.

உள்ளே நுழைவதுதான் பரீட்சை. வளையத்தில் ஒரே ஒரு வாசல். காலையிலும் மாலையிலும் முயலக் கூடாது. வெயில் உச்சியில் இருக்கும்போது ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் முன்னால் நின்று தண்ணீரின் நிறத்தைப் படிக்க வேண்டும். கருநீலம் என்றால் ஆழம். பச்சை என்றால் எச்சரிக்கை. பழுப்பு என்றால் பவளப் பார், அதாவது படகின் வயிற்றைக் கிழிக்கும் கல். மேகம் சூரியனை மறைத்தால் எல்லா நிறமும் ஒன்றாகிவிடும். உள்ளே போன பிறகும் நிம்மதியில்லை. நங்கூரச் சங்கிலி பவளப் பாறைகளில் சுற்றிக்கொள்ளும். இரவில் காற்று திசை மாறினால் வெடுக் வெடுக்கென்று இழுக்கும். பாய்த்துணியைப் பந்தல் போலக் கட்டி மழைநீர் பிடிக்க வேண்டும். பிரஷர் குக்கரில் ரொட்டி சுட வேண்டும். காய்கறி தீர்ந்த பிறகு, நம் வீடுகளில் செய்வது போலவே, பயறை ஈரத்துணியில் கட்டி முளைக்க வைக்க வேண்டும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிலர் அங்கே மாதக்கணக்கில் தங்கினார்கள். போடம் என்ற தீவில் மாலையில் கைப்பந்து ஆடினார்கள். அவ்வப்போது பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல் வரும். அதிகாரிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். ஆள் இல்லாத தேசத்தின் முத்திரை. நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட அதைவிட நல்ல நினைவுப் பொருள் எது?

ஆனால், ஆள் இல்லாத தீவில் கிணறு எப்படி வந்தது?

போடமில் படகுக்காரர்கள் துணி துவைத்தது ஒரு பழைய கிணற்றில். அதைச் சுற்றித் தென்னை அடர்ந்த காட்டுக்குள் கூரையில்லாத மாதா கோவில், இடிந்த படகுத்துறை, வேர்கள் பிளந்த சுவர்கள், பாசி படிந்த கல்லறைகள். இது ராபின்சன் குரூசோவின் தீவு அல்ல. காலி செய்யப்பட்ட ஊர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோப்பு போடுவதற்காக ஆப்பிரிக்க அடிமைகளை இங்கே கொண்டுவந்தார்கள். 1814-ல் தீவுகள் பிரிட்டன் கைக்கு மாறின. அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். எல்லோருமாகக் கலந்து தனி மொழி, தனிப் பாட்டு, தனிச் சமையல் என்று ஒரு சமூகமானார்கள். கொப்பரை காயவைப்பது வேலை. மீன் பிடிப்பது சாப்பாடு. ஐந்தாறு தலைமுறை இப்படியே போயிற்று.

1965-ல் மொரீஷியஸ் சுதந்திரம் பெறுவதற்கு முன்பே பிரிட்டன் இந்தத் தீவுகளை அதிலிருந்து பிரித்துத் தனிப் பிரதேசமாக்கியது. மொரீஷியஸுக்குக் கிடைத்தது 30 லட்சம் பவுண்ட். அடுத்த ஆண்டு டீகோ கார்சியா தீவு ராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி 1966-ல் லண்டன் அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு பின்னால் வெளியானது. டார்சான்கள் என்றும், குரூசோவின் வேலைக்காரன் ஃப்ரைடே போன்றவர்கள் என்றும் அதில் அந்த மக்கள் கேலி செய்யப்பட்டிருந்தார்கள்.

மொரீஷியஸுக்கு மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ போனவர்கள், திரும்பி வர இனிக் கப்பல் இல்லை என்று முதலில் தெரிந்துகொண்டார்கள். 1971-ல் டீகோ கார்சியா காலியானது. வளர்ப்பு நாய்கள் பிடித்துக் கொல்லப்பட்டன. அடுத்து சாலமன். கடைசியாக, 1973-ல் பெரோஸ் பான்யோஸ். மொத்தம் சுமார் 1,500 முதல் 2,000 பேர். நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் நெரிசலாக ஏற்றப்பட்டு மொரீஷியஸ், செஷல்ஸ் துறைமுகங்களில் இறக்கிவிடப்பட்டார்கள்.

அந்தக் கடைசிக் கப்பலில் லிஸ்பி எலிசே என்ற இருபது வயதுப் பெண் இருந்தார். கர்ப்பிணி. நான்கு நாள் பயணம். குழந்தை பிழைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவர் 45 ஆண்டுகள் கழித்து, 2018-ல், ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வீடியோ மூலம் அதைச் சொன்னார்.

துரத்தப்பட்டவர்கள் மொரீஷியஸ் சேரிகளில் தகரக் கூரைக்குக் கீழே வாழ்ந்தபோது, அவர்கள் ஊர்க் கிணற்றில் விருந்தாளிகள் துணி துவைத்தார்கள். படகுக்காரர்களை இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. கதை தெரிந்த பலர் வருந்தினார்கள். தவிர, மூன்று மாத மளிகையுடன் வந்து போகிற படகு வேறு, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வேண்டியிருக்கும் கிராமம் வேறு. ஆனாலும், தீவுகளில் மக்கள் திரும்பக் குடியேறுவது கஷ்டம், செலவு அதிகம், கடல் மட்டம் உயர்கிறது என்று 2002-ல் ஒரு அரசு ஆய்வு சொன்னபோது, அதே தண்ணீரில் நங்கூரம் போட்டிருந்த படகுகள் மௌன சாட்சிகளாக நின்றன.

தீவு மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். எலெக்ட்ரீஷியனான ஒலிவியே பான்கூல் தொடர்ந்த வழக்கில், வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2000-ல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004-ல் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ராணியின் ஆணை ஒன்று கதவை மறுபடி சாத்தியது. 2008-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ஆணையை ஆதரித்தார்கள். 2010-ல் சாகோஸ் கடல் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. மீனுக்குக் கிடைத்த பாதுகாப்பு மீனவர்களுக்குக் கிடைக்கவில்லை.

படகுக்காரர்களுக்கும் விதிகள் இறுகின. முன்கூட்டியே அனுமதி, சில வாரங்களுக்கு மட்டும். படகு உடைந்தால் சிதிலத்தை அகற்றும் செலவுக்கும் சேர்த்துக் காப்பீடு. அப்படியும் அவர்களுக்குக் கதவு ஒருக்களித்துத் திறந்தே இருந்தது. சரியான பாஸ்போர்ட், சரியான காகிதம், கட்டணம். கடல் சுதந்திரமானது என்று அவர்கள் நம்பியதில் தப்பில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

காகிதம் இல்லாத படகுக்கு என்ன நடக்கும் என்பது 2021 அக்டோபரில் தெரிந்தது. கனடா போகும் நம்பிக்கையில் கிளம்பிய மீன்பிடிப் படகு ஒன்று நடுக்கடலில் தத்தளித்தது. அதில் 89 பேர், இலங்கைத் தமிழர்கள். குழந்தைகளும் இருந்தார்கள். மீட்கப்பட்டு டீகோ கார்சியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே தென்னை, அதே நீலக் கடல். ஆனால் இவர்களுக்குக் கிடைத்தது வேலிக்குள் கூடாரம். காவலாளி இல்லாமல் கடற்கரைக்குக்கூடப் போக முடியாது. உண்ணாவிரதம் இருந்தார்கள். சிலர் உயிரை விடவும் முயன்றார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு விமானம் ஏறினார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் சொன்னது.

ஆக, ஒரே கடலில் மூன்று விதப் படகுகள். ஊரைக் காலி செய்த சரக்குக் கப்பல், விடுமுறை கொண்டாடிய பாய்மரப் படகு, அகதிகளின் மீன்பிடிப் படகு. அலை மூன்றையும் ஒரே மாதிரிதான் ஆட்டியது. வித்தியாசம் காட்டியது காகிதம்.

சாகோஸைப் பிரிட்டன் பிரித்தது தவறு என்று 2019-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதே ஆண்டு ஐ.நா. பொதுச் சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் வாக்களித்தன. அதில் இந்தியாவும் ஒன்று. 2025 மே 22 அன்று தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. டீகோ கார்சியா 99 ஆண்டு குத்தகைக்கு. மற்றத் தீவுகளில் மொரீஷியஸ் மக்களைக் குடியேற்றலாம். எங்களை யாரும் கேட்கவில்லையே என்று தீவு மக்களில் ஒரு பிரிவினர் அப்போதும் கோபப்பட்டார்கள்.

அதற்கு முன்பே, 2022 பிப்ரவரியில், மொரீஷியஸ் அரசு வாடகைக்கு எடுத்த கப்பலில் லிஸ்பி எலிசே பெரோஸ் பான்யோஸ் கரையில் இறங்கினார். பிரிட்டிஷ் காவல் இல்லாமல் நடந்த முதல் பயணம். அப்போது அவருக்கு வயது 68. பவளப் பாரைத் தாண்ட உச்சி வெயிலும் கூர்மையான கண்ணும் போதும் என்பது பாய்மரப் படகுக்காரர்களின் பாடம். கிணறு வெட்டியவர்களின் பேத்திக்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.