சிற்றீக்கு ஒரு பெயர்

மலையையும் கடலையும் களிற்றையும் கண்டு வியவாதார் இலர். பெரியன தாமே நம் கண்ணை ஈர்க்கும். சிறியனவோ நாம் சென்று நோக்கினாலன்றித் தம்மைக் காட்டா. ஆகவே, ஒருவனது அறிவின் கூர்மையை அவன் சிறியனவற்றை நோக்கும் நோக்கிலே காணலாம் என்பர் பெரியோர்.

கொசுவினும் சிறிய ஈ ஒன்றைப் புதிய இனம் என்று கண்டு, அதன் உறுப்புகளை அளந்தெழுதி, அதற்குப் பெயர் சூட்டும் அறிஞர் இவ்வுலகில் உளர். இச்செய்தியைக் கேட்போருள் சிலர் நகைப்பர். "உண்ண உணவும் உடுக்க உடையும் இல்லாதார் பலர் இருக்க, ஈயின் முள்ளை எண்ணுதற்கு ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிடலாமோ?" என்று வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. விடை கூறத் தக்கதே. அப்பணி வீண்பணி அன்று என்பதும், செம்மையாகச் செய்யப்பெறின் அஃது அறத்தின்பாற் பட்டது என்பதும் என் துணிபு. அதற்குரிய காரணங்களை இப்பாடத்தில் கூறுவேன்.

முதற்கண் அவ்வீயின் இயல்பை அறிதல் வேண்டும். இரு சிறகுடைய பூச்சிகளுள் செரட்டோபோகோனிடே என்பது ஒரு குடும்பம். மைகன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1803-ஆம் ஆண்டில் செரட்டோபோகன் என்னும் பேரினத்தை வகுத்தார். குடும்பத்தின் பெயரும் அதனின்று தோன்றியதே. கடிக்கும் சிற்றீ என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலேயர் இக்குடும்பத்துப் பூச்சிகளை வழங்குவர். நாமும் சிற்றீ என்றே கூறுவோம். இவற்றுள் பெரும்பாலானவை 1 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே உடையன. இதுவரை பெயரிடப்பெற்ற சிற்றினங்களோ 6,000-க்கும் மேற்பட்டன. ஈரமண், குளக்கரைச் சேறு, மட்கிய இலை முதலியவற்றில் இவற்றின் புழுக்கள் வாழும்.

கடிக்கும் சிற்றீ என்ற பெயரைக் கேட்டு, இவை யாவும் நம் குருதியை உண்பன என்று கருதற்க. ஒருசாரனவே மக்களையும் விலங்குகளையும் கடிப்பன. கொக்கோ மரத்தின் சிறு மலர்களில் மகரந்தத்தைச் சேர்த்து அதனைக் காய்க்கச் செய்வனவும் இக்குடும்பத்தில் உள. மற்றொரு பெருங்கூட்டம் வேட்டைச் சிற்றீக்கள் ஆகும். பெசியா, பால்போமியா முதலிய பேரினங்கள் இக்கூட்டத்தைச் சார்ந்தவை. இவற்றின் பெண், ஏறத்தாழத் தன்னளவே உடைய பிற பூச்சிகளைப் பற்றும். கூரிய வாயுறுப்பால் துளைக்கும். உமிழ்நீரைச் செலுத்தி, உள்ளிருப்பனவற்றைக் கரைத்து உறிஞ்சும். நீர்நிலைகளின்மேல் திரண்டு பறக்கும் பூச்சிக் கூட்டத்துள் புகுந்து இரை கொள்ளும். இத்தொழிலுக்கு ஏற்ப வலிய நகங்களும், பலவற்றில் தொடையின் அடிப்புறத்தே முட்களும் அமைந்துள்ளன. சில சிற்றினங்களில், கூட வந்த ஆணையே பெண் இரையாக்கிக் கொள்வதும் உண்டு.

இனி, இவற்றுள் ஒன்றைப் புதியது என்று நிறுவும் முறையைக் காண்போம். ஆய்வாளர் ஓடைக்கரையில் கூடாரம் போன்ற வலையைக் கட்டுவார். அன்றி, இரவில் விளக்குப் பொறி வைப்பார். அகப்பட்ட பூச்சிகளை ஆல்ககாலில் இட்டுக் காப்பார். பின்னர் நுண்ணிய ஊசி கொண்டு தலை, சிறகு, கால், வயிறு ஆகியவற்றைப் பிரித்து, கண்ணாடித் தகட்டின்மேல் கானடா பால்சம் என்னும் பிசினிலே பதித்து வைப்பார். நுண்ணோக்கியின்கீழ் ஒவ்வோர் உறுப்பையும் அளப்பார். உணர்கொம்பின் கணுக்களை ஒப்பிடுவார். நகங்களின் வடிவை நோக்குவார். தொடை முட்களை எண்ணுவார். சிறகின் முன்விளிம்பை ஒட்டி நரம்புகளால் சூழப்பெற்ற அறை ஒன்றோ இரண்டோ என்பதும் இங்கே பெரிய செய்தியாகும். அவ்வறை பெசியாவில் ஒன்று, பால்போமியாவில் இரண்டு.

அளந்ததனோடு பணி முற்றுப்பெறாது. அளத்தலினும் அரியது ஒப்பிடுதல். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பன்னாட்டறிஞர் பல மொழிகளில் எழுதிய குறிப்புகளைத் தேடிக் கற்றல் வேண்டும். காட்சிச்சாலைகளில் காக்கப்பெறும் பழைய படிவங்களோடு தம் கையிலுள்ளதனை ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஆணும் பெண்ணும் வேறுபட்ட தோற்றமுடையன ஆதலால், ஓரினத்தையே ஈரினமாக மயங்காமல் காத்தல் வேண்டும். இக்காலத்தில் உயிரணுவிலுள்ள மரபுப்பொருளை ஒப்பிட்டு அறியும் முறையும் இதற்குத் துணை செய்கின்றது. முன்னோர் எவரும் இதனைக் கூறவில்லை என்று தெளிந்த பின்னரே, 'இது புதிது' என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டாகும்.

விலங்குகளுக்குப் பெயரிடுதற்கு உலகப் பொதுச் சட்டம் ஒன்று உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு எழுதிய நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758-ஆம் ஆண்டே அதற்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. 1930-ஆம் ஆண்டுக்குப் பின் இடப்படும் புதுப் பெயருக்கு, அவ்வுயிரைப் பிறவற்றினின்று பிரித்துக்காட்டும் பண்புகளைச் சொற்களால் கூறும் விளக்கம் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. படம் எத்துணை அழகியதாயினும் அது மட்டும் போதாது, சொல் வேண்டும். மேலும், 2000-ஆம் ஆண்டு முதல், புதுப் பெயரைத் தாங்கி நிற்கும் மூலச்சான்று இன்னதென்று வெளிப்படையாகக் குறித்தலும் கட்டாயமாயிற்று. ஓலைச்சுவடியில் பாடவேறுபாடு தோன்றியவிடத்து நாம் மூல ஏட்டை நாடுவது போல, ஐயம் பிறந்தவிடத்து அறிஞர் அம்மூலச்சான்றை நாடுவர்.

இவ்விதிகளின் அருமையை ஒரு வரலாற்றால் விளக்குவேன். பிரெஞ்சுப் பாதிரியாரும் ஆசிரியருமாகிய கீஃபர் (1857–1925) சிற்றீக்களை ஆராய்ந்தோருள் ஒருவர். பெசியா என்னும் பேரினத்தை 1899-ஆம் ஆண்டில் அமைத்தவர் அவரே. கல்கத்தாவிலிருந்த இந்தியக் காட்சிச்சாலையின் வெளியீட்டில், கீழை இந்தியாவின் சிற்றீக்களைப் பற்றி 1910-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையும் உண்டு. அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும், அவர் ஆராய்ந்த மூலச்சான்றுகளுள் பல பின்னாளில் அழிந்துபோயின. சொற்களும் சுருங்கியிருந்த இடங்களில், அவர் இட்ட பெயர் எவ்வுயிரைக் குறித்தது என்று துணிய இயலாமல் பின்வந்தோர் இடர்ப்பட்டனர். பெயர் மட்டும் நின்று பொருள் மறைந்த நிலை இதுவாகும். ஆகையால், பல பெயர்களை விரைந்து இடுதலினும் ஒரு பெயரைத் தெளிந்து இடுதலே சிறந்தது என்பேன். மூலச்சான்றுகளைப் பேணும் காட்சிச்சாலைகளுக்குப் பொருள் வழங்குதலும் அரசினர் கடமையே.

"இவற்றால் மக்களுக்குப் பயன் யாது?" என்பார்க்கு மற்றொரு செய்தி கூறுவேன். கியூலிகாய்டீஸ் என்னும் பேரினத்துச் சிற்றீக்கள் செம்மறியாடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவன. 1997-98-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஆடுகளும் இந்நோயால் பெரிதும் நலிந்தன. ஐரோப்பாவின் தென்பகுதியில் இதனைப் பரப்பிவந்த முதன்மையான சிற்றினம் வடபகுதியில் இல்லை. ஆயினும், 2006-ஆம் ஆண்டில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளில் அந்நோய் புகுந்தது. ஆராய்ந்தபோது, அந்நாடுகளிலேயே நெடுங்காலமாக வாழ்ந்துவந்த வேறு சிற்றினங்கள் அதனைச் சுமந்தமை புலனாயிற்று. அவற்றுள் சில, தேர்ந்த கண்ணுக்கும் எளிதில் பிரித்தறிய இயலாதவை. எது குற்றமுடையது, எது குற்றமற்றது என்று அங்கே காட்டியவர் ஈயின் சிறகையும் உறுப்புகளையும் பொறுமையோடு கற்றவரே ஆவர்.

இதனை நடுவுநிலையோடு எண்ணிப் பார்மின். ஆட்டைக் கடித்து நோய் தருவதும் ஒரு சிற்றீ. பிற பூச்சியை வேட்டையாடி நம்மை அணுகாததும் ஒரு சிற்றீ. இரண்டையும் 'கொசு' என்னும் ஒரு சொல்லால் அழைத்து, இரண்டின்மேலும் ஒரே நஞ்சைத் தெளித்தல் முறையாகுமோ? பிரித்தறியாதவிடத்து நீதி இல்லை. தனித்தனியே அறிந்து, தனித்தனியே பெயரிட்டு அழைத்தலே நீதியின் முதற்படி. மேலும், குளங்கள் தூர்க்கப்பட்டும் காடுகள் அழிக்கப்பட்டும் வரும் இந்நாளில், பெயர் பெறுமுன்னரே மறைந்தொழியும் உயிர்கள் பல. பெயரில்லாத ஒன்று அழிந்தால், அழிந்தது இன்னதென்று சொல்லவும் நம்மிடம் சொல் இராது.

இத்துறையில் நிலவும் நல்வழக்கு ஒன்றையும் மாணவர் அறிதல் நன்று. புதிய உயிரைக் கண்டவர் தம் பெயரையே அதற்கு இடுதல் பண்பாகக் கருதப்படுவதில்லை. கீஃபர் பெசியா என்று பெயரிட்டது பெசி என்னும் இத்தாலிய அறிஞரைப் போற்றியே ஆகும். ஊரின் பெயரையோ, உறுப்பின் இயல்பையோ, தமக்கு முன் உழைத்தவர் பெயரையோ இட்டுத் தாம் ஒதுங்கி நிற்றல் அன்னோர் மரபு.

இம்மரபு தமிழர்க்குப் புதிதன்று. உயிர்களை அவற்றின் அறிவளவால் ஒன்று முதல் ஆறு வரை வகுத்த தொல்காப்பிய மரபியல், நண்டையும் தும்பியையும் நாலறிவுயிர் என்று தனியே வைத்தது. உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றையும் அது முறையே தொகுத்துக் கூறிற்று. இது நம் முன்னோரின் நோக்கு. அதனைப் புகழ்ந்து பேசி அமைதல் நமக்குப் போதாது. இன்றைய கருவிகளைக் கொண்டு மேலும் நோக்குதலே அவர்க்கு நாம் செலுத்தும் கடன்.

மாணவர்களே! நுண்ணோக்கி வாய்க்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. உங்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு பூச்சியைத் தேர்ந்துகொள்க. அதன் நிறம், கால், சிறகு, அமரும் நிலை, பறக்கும் முறை ஆகியவற்றை நல்ல தமிழில் எழுதுக. கண்டதனைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுக. பின்னர் அக்குறிப்பை உங்கள் தோழனிடம் கொடுத்து, பத்துப் பூச்சிகளுள் அதனைக் கண்டெடுக்கச் சொல்லுக. அவன் கண்டெடுப்பானாயின், உங்கள் கண்ணும் சொல்லும் செம்மையுற்றன என்று மகிழ்க. கண்டெடுக்க இயலாதாயின், மீண்டும் குளக்கரைக்குச் செல்க, மீண்டும் நோக்குக, மீண்டும் எழுதுக.