சிரிப்பது பாவமா?

சென்ற விடுமுறையில், இங்கிலாந்தில் வாழும் என் அத்தை "கான்டர்பரி கதைகள்" நாடகத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். 1400-இல் மறைந்த கவிஞர் சாசரின் நூல் அது. 1170-இல் கொலையுண்ட பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் கல்லறைக்குச் செல்லும் திருப்பயணிகள் வழிநெடுகக் கதை சொல்கிறார்கள்.

மேடையில் ஒரே அமர்க்களம்! உதட்டில் நெய் ஒட்டாமல் நாசூக்காக உண்ணும் மடத்துத் தலைவி, பொறியில் சிக்கிய எலிக்காகக் கண்ணீர் வடித்தார். ஒருவன் பன்றி எலும்புகளைப் புனிதரின் திருப்பண்டம் என்று காட்டிக் காசு பறித்தான். அரங்கமே சிரித்தது. நான் தயங்கினேன். பக்தியைக் கேலி செய்யலாமா?

அப்போது, மழையிலும் கோலூன்றி நடந்தே சென்று பங்கு மக்களைச் சந்திக்கும் ஏழைக் குருவானவர் வந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சாசர் அவரை மனமாரப் புகழ்கிறார். நகைப்புக்கு உள்ளானது பக்தியன்று, பக்தி வேடமே! நாடகம் போடுவோர் அக்குருவை விட்டுவிட்டால் எஞ்சுவது வெறும் கேலிதான்.

ஜெபமாலையை உருட்டிக்கொண்டே சாப்பாட்டு மணிக்குக் காத்திருக்கும் நானும் அத்திருப்பயணிகளுள் ஒருத்தியன்றோ? தோழியரே, சிரிப்போம், முதலில் நம்மைப் பார்த்தே சிரிப்போம்!